நான்கு நிமிடம் பதினொரு செக்கன்

ஸ்காபரோ. மார்க்கம் வீதியும் லோரன்ஸும் முட்டும் முனை.
இரவு பத்தே முக்கால்.
ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம்
கையுறைக்குள்ளும் என்னோடு வந்து
பஸ்ஸுக்கு நிற்கிறது.

வீதிக்கு அந்தப் பக்கம்
சிவப்பும் நீலமும் மாறி மாறிப்
பனிச்சேற்றில் விழுந்தெழும்புகின்றன.
ஒரு பெடியன். இரண்டு பொலிஸ்.
பெடியனின் இரண்டு கையும் காரின் பொனெற்றில்.
கவிழ்த்த பையிலிருந்து
ஒரு பால் பெட்டி,
ஒற்றைக் காலுறை,
ஈரத்தில் ஊறும் கணக்குப் புத்தகம்.

பார்க்காமல் போகப் பழகிய கண் என்னுடையது.
நான் வந்த இடத்தில்
பார்ப்பவனுக்குச் சாக்கு மூடியிருந்தார்கள்.
சாக்கில் இரண்டு ஓட்டை.
தலை ஆடினால் வரிசையில் ஓர் ஆள் குறையும்.
என் அண்ணன் முன்னால் வந்தபோது
அது ஆட்டலா, தும்மலா?
முப்பத்தைந்து வருசமாய்
வீட்டில் யாருக்கும் தெரியாது.

போனை எடுத்தேன்.
ஒன்பது சதவீதம்.

ரொவீனா ஒருநாள்
வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னது:
தெருவில் நின்று கண்ணால் பார்க்கலாமென்றால்
போனாலும் பார்க்கலாம்.
குறுக்கே போகாதே. ஒளிக்காதே.
அவளும் சட்டம் படித்தவளில்லை,
மணிலாவில் வங்கிக் கணக்கு எழுதியவள்.
வெங்காயக் கண்ணீரோடு சொன்னதால்
நம்பிவிட்டேன் போல.

வீதியைக் கடந்தேன். ஒளிக்கவில்லை.
நெஞ்சுயரத்தில் பிடித்தேன்.
வீடியோ முழுக்க இடது மூலையில்
மாவு காய்ந்த என் பெருவிரல்.

பின்னுக்குப் போ, என்றான் உயரமானவன்.
போனேன். ஒன்று, இரண்டு, மூன்று.
எண்ணியது தமிழில். அதுவும் பதிவாகியிருக்கிறது.
இன்னும், என்றான்.
நாலு. ஐந்து.
முதுகில் மதில் தட்டியது.
நிற்கிறேன், தடுக்கவில்லை, பார்க்கிறேன் என்று
மூன்று வினைச்சொல்லை இங்கிலீசில் அடுக்கினேன்.
நாலாவது வரவில்லை.

அவன் ரோச் லைற்றை
நேரே லென்சுக்குள் அடித்தான்.
அதற்குப் பிறகு படம் இல்லை. வெள்ளை.
வெள்ளைக்குள் பெடியனின் குரல்
தன் பிறந்த திகதியைச் சொல்கிறது.
மூன்றாம் தரம்.
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சின்னப்பிள்ளையாகி.

எதிர்ப்பக்கம் என் பஸ் வந்து நின்றது.
ஏற யாரும் இல்லை.
சாரதி அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கதவைத் திறந்தபடியே விட்டார்.
நேர அட்டவணைக்கு அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
உண்மையிலேயே ஒன்றும்.
பையைக் கொடுத்தார்கள். கார் போனது.
நான் பார்த்ததால் நடக்கவில்லையா,
நடக்க இருக்கவே இல்லையா?
எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும்
வீடியோ அதைச் சொல்வதில்லை.

பெடியன் பால் பெட்டியைச்
சட்டைக் கையால் துடைத்தான்.
நன்றி என்று சொல்லவில்லை.
அழித்துவிடாதே, என்றான்.
அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம்
உயரமானவன் கடைக்கு வந்தான்.
ஆட்டிறைச்சி ரோல்ஸ் இரண்டு.
உறைக்குமா என்று கேட்டான்.
உறைக்கும் என்றேன்.
அவன் நெஞ்சில் ஒரு கமெரா.
கல்லாவுக்கு மேலே முதலாளியின் கமெரா.
என் போன் அடுப்படியில், சார்ஜில்.

என்னை அடையாளம் கண்டானா தெரியாது.
நான் அவன் சட்டையிலிருந்த இலக்கத்தை
வாய்க்குள் ஒருமுறை வாசித்தேன்.
மிச்சக் காசை அவன் கையில் எண்ணி வைத்தேன்,
நாலு, ஐந்து.

கை நடுங்கவில்லை.
அன்றைக்கு நடுங்கியது.
வீடியோவில் இருக்கிறது.