நம்பர் இல்லீங்

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ரிப்பேர் கடையில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
சிம் போடும் தட்டு தொலைந்துபோயிருந்தது.
புதுசுக்கு இருநூறு ஆகுமுங் என்றான் பையன்.
இருநூறு என்றால் எட்டு நாள் பால்.
அப்படியே கொடு என்றேன்.

அன்றிலிருந்து அதன் நெற்றியில் எழுதியிருக்கிறது
அவசர அழைப்பு மட்டும் என்று.
தட்டிருந்த சந்தில் பஞ்சு அடைகிறது.
சேலை ஊக்கால் வாரம் ஒருதரம்
நோண்டி எடுப்பேன்.

சோமனூரில் நாலு தறி, ராத்திரி ஷிப்ட்.
அந்தச் சத்தத்தில்
யார் கூப்பிட்டாலும் கேட்கப்போவதில்லை.
இழை அறுந்தால் அதில்தான் வெளிச்சம்.
கரண்ட் போன நேரம், வந்த நேரம்
நிமிஷம் பிசகாமல் அதில்தான் கிடக்கிறது.

குழுக் கடனுக்குப் போனபோது
நம்பர் சொல்லுங், ஓடிபி வரும் என்றாள் அந்தப் பெண்.
நம்பர் இல்லீங்.
அப்போதுதான் திரையை விட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
கையில் போனையும் பார்த்தாள்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மகன் பள்ளிக்கூட வைஃபையில்
ஊர் மேப்பை இறக்கிக் கொடுத்தான்.
ஷிப்ட் முடிந்து கருமத்தம்பட்டி ரோட்டில்
விடியாமல் நடக்கிறேன்.
திரையில் ஒரு நீலப் பொட்டும் நடக்கிறது.
நின்றால் நிற்கிறது.
மேலே இருந்து யாரோ
நம்பர் கேட்காமல்
நான் இருக்கும் இடம் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காடா எடுக்க வந்த திருமூர்த்தி
இஞ்சுக்கு நாற்பத்தெட்டு ஊடைதான் இருக்குது,
கூலியில் பிடிப்பேன் என்றார்.
இரும்பு ஸ்கேலைத் துணிமேல் வைத்து
முந்தின ராத்திரியே படம் எடுத்திருந்தேன்.
இரண்டு விரலால் விரித்தால்
ஒவ்வொரு இழையும் தாம்புக்கயிறு மொத்தம்.
அம்பத்திரண்டு. மூன்று தரம் எண்ணியாயிற்று.

"அனுப்பிவிடுங், பொறவு பாக்குறேன்."

"அனுப்ப வராதுங்.
இதுக்குள்ளயேதான் இருக்குது.
இங்க வந்துதான் பாக்கோணும்."

சுற்றிலும் ஆள் நிற்பதைப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
என் உள்ளங்கைக்குக் குனிந்தார்.
அவர் தலையிலிருந்து ஒரு பஞ்சு
திரையில் விழுந்தது. ஊதினார்.
முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்தேழு
என்கையில்
அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்தார். அப்புறம் பேசுகிறேன் என்றார்.
எதுவரைக்கும் எண்ணினோம் என்றார்.

மறந்துட்டனுங், முதலிலிருந்து எண்ணுங் என்றேன்.

ஒண்ணு என்றார்.