பதினெட்டு வினாடி

இவர் போட்ட கணக்கு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.
இடப்பக்கம் மொன்டேரோ:
தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஏழு சீட்,
நகரத்துக்குள் லீற்றருக்கு ஆறரைக் கிலோமீற்றர்,
மாசாமாசம் பஞ்சிகாவத்தை.
வலப்பக்கம் ஹைபிரிட்:
ஐந்து சீட், லீற்றருக்குப் பத்தொன்பது,
லீசிங் ஐந்து வருஷம்.
பற்றரி போனால்? என்று ஒரு வரி,
அதைச் சுற்றி இரண்டு வட்டம்.

நான் ஒன்றும் சேர்த்து எழுதவில்லை.
என் கணக்கில் இருந்தது பதினெட்டு வினாடி.

காலி வீதியால் எங்கள் ஒழுங்கைக்குள்
மொன்டேரோ திரும்பினால்
அலுமாரிக்குள் கிளாஸ்கள் ஒன்றோடொன்று கதைக்கும்.
அதிலிருந்து கேற் மட்டும் பதினெட்டு.
அதற்குள்
கபிலாஷ் கேமை மூடிக் கொப்பியை விரிப்பான்.
நான் தங்கச்சியிடம் "பிறகு எடுக்கிறன்" என்பேன்,
முகத்தையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவேன்.
பயமென்று இல்லை.
வருகிறவருக்கு மட்டுமா வாசல்?
இருக்கிறவருக்கும் ஒன்று வேண்டும்.

டீசல் இல்லாத வருஷம்
செட் வரிசையில் இரண்டு இரவு.
பின்சீட்டை மடித்துப் பிள்ளைகள் நித்திரை.
முன்னால் நின்ற த்ரீவீல்காரர்
பிளேன்டீயில் பாதியை மூடியில் ஊற்றித் தந்தார்.
வேலை போய்விட்டதை
இவர் அன்றைக்குத்தான் சொன்னார்,
ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.
பதினொரு நாளாகக்
காலையில் வெளிக்கிட்டு எங்கே போனீங்கள் என்று
நான் கேட்கவில்லை.
வரிசை ஒரு வண்டி நகர்ந்தது.
இறங்கி இரண்டு பேருமாய்த் தள்ளினோம்.

வாங்க வந்தவர் புத்தளம், இறால் பண்ணை.
டயரை உதைத்தார், குனிந்து கீழே பார்த்தார்.
பந்துல பாஸ் எஞ்சினைத் தட்டி,
"இது எங்களுக்குப் பிறகும் ஓடும், மிஸ்" என்றார்.
டாஷ்போர்ட் இடுக்கில் கிடந்த
கபிலாஷின் பால்பல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதியது முத்து வெள்ளை.
ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று
முதல் கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.
சிக்னலில் தானாகவே அணைந்து
பக்கத்து பஸ்காரனின் பாட்டை நமக்குத் தருகிறது.
மிச்சம் பிடித்த காசு உண்மைதான்,
நான் மறுக்கவில்லை.
ஆனால் இப்போதெல்லாம்
திரும்பினால் இவர் குசினி வாசலில் நிற்கிறார்.
தங்கச்சியோடு நான் கதைத்ததில்
எந்த வசனம் வரைக்கும் கேட்டிருப்பார்?

நேற்றுக் குப்பை வைக்கப் போனேன்.
கேற்றுக்குள் வண்டி.
திரையில் பச்சை அம்புகள்
சில்லுக்கும் பற்றரிக்கும் ஓடாமல் நின்றன,
அந்த வெளிச்சத்தில் இவர் முகம்.
"எப்ப வந்தனீங்கள்?"
"இப்பத்தான்."

நான் பொனட்டில் கை வைத்தேன்.
மொன்டேரோ என்றால் சூடு சொல்லியிருக்கும்,
அது பொய்க்குத் துணை போகாத வண்டி.
இது குளிர்ந்து கிடந்தது.
வெகுநேரமாய் நிற்கிறதோ,
பற்றரியில் மெல்ல வந்ததோ.

கையை எடுக்காமல்
மறுபக்கக் கதவைத் திறக்கச் சொன்னேன்.
ஏறி இருந்தேன்.
கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போனது.
ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு
இவர் தொண்டையைச் செருமினார்.