பத்தி அறுபத்திரண்டு

குஞ்சப்பனை தாண்டினால் சிக்னல் போய்விடும்.
மேட்டுப்பாளையத்திலேயே தீர்ப்பை இறக்கிக்கொண்டேன்,
எண்பத்தொரு பக்கம்.
வளைவுக்கு வளைவு
எழுத்தும் சாய்ந்தது.

பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை வைத்த
அரசாணை செல்லாது.
ஏன் என்பதற்கு
பத்தி அறுபத்திரண்டில் என் பெயர்.

ஹாலா கவுடரின் ஹெச்
அச்சில் கே ஆகியிருந்தது.
ஒரு நொடி, இது வேறு கிரிஜாமணி என்று
நம்பிப் பார்த்தேன்.
மேற்கோள் என்னுடையதுதான்.
அந்த இடத்தில் அரைப்புள்ளி
நான் மட்டும்தான் வைப்பேன்.

தொழிற்சாலைகளுக்கு வாதாடியவன் தினகர், என் மாணவன்.
செய்தியும் அனுப்பியிருந்தான்:
"மேடம், உங்கள் வரியால் ஜெயித்தோம்."
கூடவே கைகூப்பும் படம் இரண்டு.

இருபத்தொன்பது வயதில் எழுதியது.
பெங்களூர் விடுதி, ஒழுகும் மாடி அறை,
உறுப்பு முந்நூற்றொன்று:
நாடெங்கும் வணிகம் தடையற்றது.
காதலில் விழுந்தவள் போல
அந்த ஒரு வாக்கியத்தையே சுற்றிவந்தேன்.
"விலைக்குத் தரை போடும் அரசு
சந்தைக்குச் சுவர் எழுப்புகிறது;
யாருக்கான சுவர் என்பது பிறகு."
கைதட்டினார்கள்.
அந்தக் கட்டுரைதான் வேலை வாங்கித் தந்தது,
அப்புறம் ஜெனீவாவில் இரண்டு கோடை.

அங்கே தேயிலைக்கு ஓர் எண் உண்டு,
பூஜ்யம் ஒன்பது பூஜ்யம் இரண்டு.
வரி, வரம்பு, விலக்கு என்று
பலகை நிறைய எழுதிப்போட்டேன்.
கொழுந்துக்கு என்ன எண் என்றாள்
கெரிச்சோவிலிருந்து வந்த ஒரு பெண்.
கொழுந்து எல்லை தாண்டாதே, என்றேன்,
அதற்குள் வாடிவிடும்.
எல்லோரும் சிரித்தோம். காபி இடைவேளை.

தினகர் எடுத்துக்காட்டாத ஒன்று உண்டு.
அதே பக்கத்தின் அடியில், பொடியெழுத்தில்,
அடிக்குறிப்பு பத்தொன்பது:
"விற்பவர் காத்திருக்க முடியாத சரக்குக்கு
இவ்வாதம் பொருந்துமா என்பது
தனியே ஆராயத்தக்கது."

தனியே ஆராயத்தக்கது.
முப்பத்தோரு வருடம்.
நான்கு நூல், ஒரு துறைத் தலைமை,
பிரியும்போது கொடுத்த மரக் கேடயம்.
ஆராயவில்லை.

அரவேனுவில் இறங்கினேன்.
ஏஜெண்டின் எடைக்கொட்டகையில் வரிசை நீண்டிருந்தது.
ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து
பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
சீட்டில் எடை உண்டு, விலை இல்லை.
விலை அடுத்த மாதம்
குன்னூர் ஏலத்திலிருந்து மலையேறி வரும்,
வந்தால்.

மாசிக்கு என்னைத் தெரியும்.
ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.
"கேஸ் என்னாச்சு? நீ படிச்சிருப்பியே."

படித்தேன் என்று சொல்லலாம்.
எழுதினேன் என்றும் சொல்லலாம்.

"தோத்தாச்சு."
"என்ன காரணம் சொன்னாங்க?
யாரு சொன்ன காரணம்?"

முப்பத்தோரு வருட வகுப்பில்
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை இதை.

லாரி ஹாரன் அடித்தது.
அவள் மூட்டையைத் தூக்க, மறுமுனையை நான் பிடித்தேன்.
சாக்கின் கிழிசலில் விரல் உள்ளே போனது.
காலையில் பறித்த இலை
காய்ச்சல் கண்ட உடம்பாகச் சுட்டது.

"என்னோடதுதான், மாசி.
நான் சொன்ன காரணம்."

ஹாரன் சத்தத்தில்
எது அவளுக்குக் கேட்டதோ தெரியாது.
"பேசாம தூக்கு" என்றாள்.
"இலை வேகுது."