பத்து உதை

செவ்வாய்க்கிழமை என்றால் நாற்பது வயிறு.
மிஸ்ஸி ஒருத்திதான்.
இன்னொருத்தியைப் பட்டர்வொர்த்துக்கு மாற்றி ஏழு மாதம்,
நாற்காலி மட்டும் இருக்கிறது.
அதையும் நான்தான் துடைக்கிறேன்.

நான் குத்தகைக் கம்பெனி ஆள்.
சுங்கை பாக்காப் தாண்டி, செம்பனைக்கு நடுவே
இந்தக் கிளினிக்கில் தரை, ஜன்னல், இரண்டு கழிவறை.
சட்டை முதுகில் கம்பெனி பெயர்.
என் பெயர் எங்கும் இல்லை.
ஆனாலும் மிஸ்ஸி ஹஸ்லிண்டா
"அக்கா, மாரி செகெஜாப்" என்றால்
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவேன்.
மலாய் தெரியாத வயிறு ஏதோ வந்திருக்கிறது.

வலி, நோவு, கடுப்பு, குடைச்சல்,
அடிவயிற்றில் சுருக்கென்று, இடுப்பில் விண்ணென்று
அவர்கள் எத்தனை விதமாகச் சொன்னாலும்
எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாம் சாக்கிட்.
ஒரே வாளியில் பிழிந்து
"சாக்கிட், மிஸ்ஸி" என்று ஊற்றிவிடுவேன்.

நாகஜோதி அறந்தாங்கிக்காரி.
கல்யாணம் கட்டி இங்கே வந்து பதினோரு மாதம்.
முப்பத்தாறு வாரம்.
ரோஸ் புத்தகத்தில் வெள்ளை ஒட்டு,
வெள்ளை என்றால் பயமில்லை.
பிரஷர் சரி. சர்க்கரை சரி.
வெளிநாட்டுக்காரர் கட்டணம் எவ்வளவு என்றபோதுதான்
முகம் சுண்டியது.

பிள்ளை அசைகிறதா, கேளுங்கள் என்றாள் மிஸ்ஸி.
கேட்டேன்.
"தூங்குறான்" என்று சிரித்தாள்.
"டீடோர்" என்றேன்.
மிஸ்ஸியும் சிரித்தாள்.
சிரித்தபடியே பக்கத்தைப் புரட்டினாள்.

அந்தப் பக்கத்தில்தான் உதை அட்டை.
நாளுக்குப் பத்து உதை, பத்துக் குறி.
ஞாயிறு பத்து. திங்கள் பத்து.
ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே அவசரம்.
செவ்வாய் பத்து. மணி பத்தரைகூட ஆகவில்லை.
புதன் பத்து.

வெளியே இன்னும் இருபத்தேழு பேர்.
மிஸ்ஸியின் கண் வழுக்கிப் போய்விட்டது.
எனக்கு எப்படி வழுக்கும்?
கழிவறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறதே என் அட்டை,
எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு.
காலையில் வந்த கையோடு
ஐந்துக்கும் கையெழுத்துப் போட்டுவிடுபவள் நான்.
எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.

"எப்பத்திலேர்ந்து தூங்குறான்?"

அவள் சுவரைப் பார்த்தாள்.
சுவரில் தாய்ப்பால் படம்.
"ஞாயித்துக்கெழம ராத்திரி...
கட்டம் காலியா இருந்தா மிஸ்ஸி ஏசுவாங்கன்னு
அவுக சொன்னாக."

"மிஸ்ஸி," என்றேன், "சயா சாலா சாக்காப்."
நான் சொன்னது தப்பு.
புக்கான் டீடோர்.
அதற்குமேல் எனக்கு மலாய் வரவில்லை.
அட்டையில் புதன்கிழமை மேல் விரலை வைத்தேன்.
விரல் ஈரமாக இருந்தது, மை கலைந்தது.

கருவி வயிற்றில் ஊர்ந்தது.
கரகரப்பு.
அவளுடைய நாடி. அது இல்லை.
மறுபடி கரகரப்பு.
பிறகு எங்கோ அடியில்
மாடிப்படி ஏறிக் களைத்தவன்போல்
தட்டி, நின்று, தட்டி.

மிஸ்ஸி சிரிக்கவில்லை.
வெள்ளை ஒட்டை உரித்தாள். பாதிதான் வந்தது.
மிச்சத்தின் மேலேயே சிவப்பை ஒட்டினாள்.

ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம்.
இடது பக்கமாகப் படுக்கச் சொன்னாள் மிஸ்ஸி,
அதைச் சரியாகத்தான் சொன்னேன்.
நாகஜோதி என் சட்டையைப் பிடித்திருந்தாள்,
கம்பெனி பெயர் கசங்க.
"வேலையைப் பார்க்காமல்..." என்று
வரிசையில் யாரோ முனகியது
என்னையா மிஸ்ஸியையா தெரியாது.

இரண்டரைக்குச் செபராங் ஜெயாவிலிருந்து போன்.
ஆபரேஷன். ஆண். இரண்டு கிலோ நூறு.
கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம்.
அழுதானா என்று கேட்டேன்.
மிஸ்ஸிக்கும் யாரும் சொல்லவில்லை.
அவள் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு
முப்பத்தோராவது வயிற்றைக் கூப்பிட்டாள்.

நான்கு மணிக் கட்டத்தில்
காலையிலேயே என் கையெழுத்து இருந்தது.
நான்கு மணிக்கு வாளியை எடுத்துப் போய்
இரண்டையும் தேய்த்துக் கழுவினேன்,
மூலை விடாமல்.

வாசலில் ஒரு ஜோடி ஜப்பான் செருப்பு
போட ஆளில்லாமல் கிடந்தது.
இடது வார் பின்னூசியில் நிற்கிறது.
மழை வரும்போல் இருந்தது.
எடுத்து உள்ளே வைத்தேன்,
காலி நாற்காலிக்கு அடியில்.