பின்வரிசை வயோலா

நாற்பது விநாடிதான் வெளியே விட்டிருக்கிறார்கள்.
ஒரு ஓபோ, தொண்டையைச் செருமுவது போல;
பின்னால் எங்கோ கிட்டார் ஒன்று
கம்பியை முறுக்கிக்கொண்டே இருக்கிறது.
பிறகு மௌனம். பிறகு தேதி.
தேதி மூன்று முறை மாறிவிட்டது.

நாங்கள் நான்கு பேர், சில வியாழன்களில் ஐந்து.
கிளமெண்டி உணவங்காடியில் மீன் சூப் கடைக்கு எதிர் மேசை.
ஹஃபீஸ் அந்த நாற்பது விநாடியை
மெதுவாக ஓட்டி, தலைகீழாக ஓட்டி,
மணல் கொட்டும் சத்தம் கேட்கிறது என்கிறான்.
சியூ யென், அது உன் கைப்பேசியின் கரகரப்பு என்கிறாள்.
இரண்டுக்கும் நான் தலையாட்டுகிறேன்.

கதை தெரியும், கதை மட்டும்தான் தெரியும்:
கடல் ஒருநாள் தன் பழைய கரையைத் தேடிக் கிளம்புகிறது.
பீச் ரோடு என்று பலகை இருக்கிறது, கரை இல்லை.
பயண அட்டை வாங்கி வட்டப் பாதை ரயிலில் ஏறுகிறது.
இருக்கையை நனைத்ததற்கு அபராதம் கட்டுகிறது.
இரண்டு தட்டு, எண்பத்தோரு நிமிடம்,
நான்காம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
அதைச் சொல்லும்போதெல்லாம்
சியூ யென் குரலைத் தாழ்த்துவாள்,
யாருக்கோ நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொல்வது போல.

ராக் குழுவின் பெயர் கீழ்த்தளம் இரண்டு;
ஒத்திகைக்கு இடம் தந்த கார் நிறுத்துமிடத்தின் பெயரேதான்.
லோகேந்திரன் நாலறை வீட்டை விற்று
ஈரறைக்கு மாறினான்.
மிஞ்சிய தொகை
அறுபத்திரண்டு வாத்தியக்காரர்களுக்கு, மூன்று நாளைக்கு.
அவன் மனைவி என்ன சொன்னாள் என்பது
எங்கள் மேசையில் இன்னும் தீராத விவாதம்.

அந்த அறுபத்திரண்டில் ஒருவன் எங்கள் இன்பநாதன்.
வயோலா, பின்வரிசை, தூணுக்குப் பக்கம்.
வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.
கோப்பி வாங்கிக் கொடுத்தோம். சாத்தே வாங்கிக் கொடுத்தோம்.
ஹஃபீஸ் வீட்டிலிருந்து ரெண்டாங் கொண்டுவந்தான்.
சாப்பிட்டான். சிரித்தான். சொல்லவில்லை.

விரல்கள் கையெழுத்துப் போடவில்லையே.
தட்டு எடுக்க வந்தவருக்கு நகர்ந்து வழிவிட்டபடி
மேசை விளிம்பில் அவன் தட்டியதை எண்ணிவிட்டேன்:
தகதிமி தகதிமி தகிட
தகதிமி தகதிமி தகிட

பதினொன்று!
சியூ யென் அதைச் சீனத்தில் கத்த,
மீன் சூப்காரர்
பதினோராம் எண் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

இன்பநாதன் கையை மடியில் ஒளித்துக்கொண்டான்.
வெகுநேரம் கழித்துச் சொன்னான்:
"நானும் கேட்டதில்லை.
காதுக்குள் டிக் டிக் மட்டும்தான் வரும்.
நான்காம் பக்கத்தில் எனக்கு ஒரே சுரம்,
பதினெட்டு நிமிடம் இழுக்கணும்.
கிட்டார் எங்கே நுழையுது, யார் பாடுறாங்க,
கடல் கரையைக் கண்டுபிடிக்குதா,
ஒண்ணும் தெரியாது.
நானும் காசு கட்டி முன்பதிவு செஞ்சிருக்கேன்.
எண் நானூற்றேழு."

சூப் ஆறிப்போனது.

இந்த வாரம் எனக்கு இரவு வேலை.
பாசிர் பாஞ்சாங், பளுதூக்கியின் உச்சியில் என் அறை,
காலடியிலும் கண்ணாடி.
தட்டுகளை ஐரோப்பாவில் ஏதோ ஊரில் அச்சடிக்கிறார்களாம்,
கப்பலில் வருகிறதாம். எந்தக் கப்பலோ.
பெட்டிகளுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது.
எடுக்கிறேன், நகர்த்துகிறேன், இறக்குகிறேன்.
நேற்று ஒரு நீலப் பெட்டியைக்
கொஞ்சம் மெதுவாக இறக்கினேன்.
வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் கேட்டார்:
"என்ன தமயந்தி, உள்ளே முட்டையா?"

பதில் சொல்லவில்லை.
கட்டைவிரல் மட்டும் விசைப்பிடியின் மேல்
தகதிமி தகதிமி தகிட.
கீழே, கப்பலுக்கும் கரைச்சுவருக்கும் இடுக்கில்
கடல்
பன்னிரண்டாக அடித்துக்கொண்டிருந்தது.