இனம், எண்ணிக்கை, குறிப்பு

திங்கட்கிழமை ஸ்கேன் எடுக்க ஆள் வருகிறார்கள்.
அதற்குள் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி
வருஷவாரியாக அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார் ரேஞ்சர்.
மண்டபம் அலுவலகத்தின் பின்னறை.
ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை,
மூடினால் கரையான்.

முதல் கட்டில் சமஸ்தானத்து முத்திரை.
ஆமை, உருப்படி நூற்றுப்பத்து, கொழும்புக்கு.
சங்கு, மூட்டைக் கணக்கில்.
கடல்பசு ஒன்று: கறி பங்கு போட்டாயிற்று,
பல் யாருக்கென்று தகராறு.
எழுதியவருக்கு அழகான கையெழுத்து.
கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை.

அடுத்தது சுதந்திரத்துக்குப் பின்.
தாளின் தலையில் சிங்கங்கள்.
கீழே பவளக்கல், இத்தனை டன், சூளைக்கு.
ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ:
உற்பத்தி போதாது. விளக்கம் கேட்கவும்.
நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
கட்டுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது.

அட்டைக்குத் தனிப் பேரேடு.
அவித்து, மணலில் புதைத்து, மறுபடி அவித்து,
காயவைத்து, சிங்கப்பூருக்கு.
அந்நியச் செலாவணி என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள்.

பிறகு வரும் பதிவேடு பாதியில் திரும்புகிறது.
இனம் என்று தலைப்புப் போட்ட அதே பத்தி.
முந்தின பக்கம்வரை இனம் என்றால் சரக்கு.
இந்தப் பக்கத்திலிருந்து இனம் என்றால் உயிர்.
அச்சகத்தில் எதையும் மாற்றவில்லை,
அதே மூன்று எழுத்து.
டில்லியில் ஓர் அட்டவணையில் ஒரு வரி கூடியது.
வேதாளையில் விடியும்போது
அவித்த அட்டை வழக்குச் சொத்தாகியிருந்தது.
அரக்கு முத்திரை வைத்த சாக்குப்பையில்
இதே அறையில் நாறியது, மூன்று வருஷம்.

ஏற்றுமதிக்குக் கேடயம் வாங்கிய நெய்னாப்பிள்ளை
ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட வந்தபோது
கேடயத்தையும் கொண்டுவந்தார்.
மேசைமேல் வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை. போகும்போது எடுத்துக்கொண்டார்.

நம்புத்தாயின் ரேகை இரண்டு இடத்தில் இருக்கிறது.
ஒன்று, மூங்கில் மிதவையில் புதுப்பாசி வளர்க்க
மானியம் பெற்ற பட்டியலில்: பயனாளி எண் பதினேழு.
அந்தப் பாசிதான் பின்னாளில் தீவுப் பக்கம் போய்
பவளத்தின்மேல் போர்வையாய்ப் படுத்து மூச்சடைத்தது.
அதைப் பரிந்துரைத்தவர்கள்
எந்தப் பக்கத்திலும் ரேகை வைக்கவில்லை.
மற்றது, தடைசெய்த எல்லைக்குள்
மரிக்கொழுந்துப் பாசி அள்ளியதாக: எதிரி எண் மூன்று.

முதல் ரேகையில் சுழி தெளிவாக இருக்கிறது.
இரண்டாவதில் பாதிதான்.
துணி சுற்றிய விரலையும் பாறை தின்றிருக்கிறது.

அபராதம் கட்ட வந்தவளிடம் இரண்டையும் காட்டினேன்.
காட்டியிருக்கக் கூடாது.
பார்த்தாள், சிரித்தாள்.
“ரெண்டு தடவையும் சார்தான
விரலப் பிடிச்சு அமுக்குனீக.”
உண்மைதான். நடுவில் துறை மாறினேன்,
கை அதேதான்.

“மாசத்துல பன்னெண்டு நாளுக்கு மேல
பாசிக்குப் போகக்கூடாதுன்னு
நாங்களாப் பேசி வச்சிருக்கோம்.
கொழுந்து திரும்ப வரணும்ல.
அதுக்கு ஏதும் பேரேடு இருக்கா சார்?”

தேடுவதுபோல் கொஞ்சநேரம் தேடினேன்.

அவள் போனபின் அலமாரியை நகர்த்தியபோது
சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது.
உள்ளே செங்கல் இல்லை.
மூளை மடிப்புப்போல் நெளிநெளியாய்,
சில இடத்தில் தேனடைபோல் கண் கண்ணாய்
பவளம். உத்தரம் வரைக்கும்.
இதன் மறுபக்கத்தில்தான் போன மாதம்
பவளம் காப்போம் என்று பெயிண்ட் அடித்தோம்.

புதுப் பதிவேட்டைப் பிரித்தேன்.
இனம்: பவளம்.
எண்ணிக்கை: சுவர் நான்கு.
குறிப்பில் எதிரியின் பெயர் கேட்டிருந்தது.

வாடைக்காற்று தாளைப் புரட்டியது.
விழுந்த துண்டையே எடுத்து
அதன்மேல் வைத்தேன், பறக்காமலிருக்க.