திருப்பி அழைக்கிறேன்

காலை ஆறு பத்து. ரீகாவில் இன்னும் விடியவில்லை.
என் காதுக் கருவியில் ஒரு பெண்ணின் மூச்சு,
பின்னால் இரும்பு இரும்பை உரசும் ஓசை.
"நான் ஒரு முட்டாள்" என்றுதான் தொடங்கினாள்.
பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

விஸ்மா ஸ்ட்ராவ்மே. லியபாயாவில் டிராம் ஓட்டுகிறாள்.
அந்த ஊரில் ஒரே தடம்,
வழி தவறவே முடியாது என்றாள்,
சிரிப்பு வராத இடத்தில் சிரித்து.

பனிக்காலணி ஒரு சோடி வாங்கியிருந்தாளாம்.
பொதி சுங்கத்தில் நிற்கிறது,
ஒரு யூரோ எண்பத்தொன்பது செண்ட் கட்டுக
என்று ஒரு குறுஞ்செய்தி.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட ஓய்வு.
கையுறையைப் பல்லால் கழற்றி
கட்டைவிரலால் தொட்டாள்.
எங்கள் வங்கியின் பச்சை, எங்கள் முத்திரை,
எங்கள் பணிவுகூட அப்படியே.
முகவரியில் மட்டும்
ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில்
ஓர் எண் நின்றது,
வரிசையில் இடையே நுழைந்தவன்
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது போல.

முதல் இரகசிய எண்ணைக் கேட்டது. கொடுத்தாள்.
இரண்டாவதையும் கேட்டது.
மணி அடித்தது. டிராம் கிளம்ப வேண்டும்.
கொடுத்தாள்.

பதினோரு ஆண்டாக இந்த நாற்காலி எனக்கு.
தேள் கொட்டிய திருடன் வாய் திறக்க மாட்டான்.
இங்கே கொட்டு வாங்குவது வீட்டுக்காரர்கள்,
வாய் திறக்காததும் அவர்களே.
மகளுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் ஒரு பல் மருத்துவர்.
கணக்கு ஆசிரியர் ஒருவர்
தொகையைச் சொல்ல முடியாமல்
இலக்கம் இலக்கமாகச் சொல்கிறார்.

சேமிப்பு போனது முதல் வாரம்.
மூன்றாம் வாரம் தபாலில் ஒரு நன்றிக் கடிதம்,
எங்களிடம் கடன் பெற்றமைக்கு.
அப்போதுதான் தெரிந்தது இன்னொரு விஸ்மா இருப்பது.
தைரியசாலி அவள்.
நான்கு கைபேசி, ஒரு ட்ரோன்,
மால்டாவில் கடலைப் பார்த்த அறை, இரண்டு இரவு.
"மால்டா எப்படி இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.
நானும் போனதில்லை.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

காவல் நிலையம், கடன் நிறுவனம், மறுபடி காவல் நிலையம்.
பதினான்கு இடங்களில் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாள்,
செத்துப்போன நாயின் பெயர்.
ஒவ்வொன்றாக மாற்றி முடித்த இரவு
அதை இரண்டாம் முறை புதைத்தேன் என்றாள்.
அட்டையின் பின்புறத்து எண்ணை
ஒரு தாளில் பெரிதாக எழுதி
பிரேக் பிடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

மார்ச் மாதம். இரவு இரண்டு மணிக்கு
அவள் கணக்கில் அவள் நடையில்லாத ஒரு நடமாட்டம்.
விடிந்ததும் நானே அழைத்தேன்.
பெயர் சொன்னேன், வங்கி சொன்னேன்.
"நல்ல குரல், நல்ல பயிற்சி.
நீ செய்யும் வேலை உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

நாயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மால்டாவைச் சொல்லியிருக்கலாம்.
அதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பவன்தானே
கெட்டிக்காரத் திருடன்.
வாயை மூடிக்கொண்டேன்.
துண்டித்துவிட்டாள்.

அந்த டொக் என்ற ஓசை
அன்று முழுவதும் எனக்கு இனித்தது.

நான்கு நிமிடம்.
பக்கத்து மேசையில் விளக்கு எரிந்தது.
கையை உயர்த்தி அழைப்பை என் பக்கம் வாங்கினேன்.
இரும்பை இரும்பு உரசுகிறது.
"நீதானா அது?"
நான்தான்.
"மன்னிப்புக் கேட்க மாட்டேன்."
கேட்காதீர்கள் என்றேன்.
இனி என் முறை.
இவள் எந்த விஸ்மா என்று நானும் பார்க்க வேண்டுமே.
பிறந்த தேதியைக் கேட்டேன்.

அவள் யோசித்தாள்.
பின்னால் மணி அடித்தது, ஒரு முறை, இன்னொரு முறை.
யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.
"டிராம் நிற்கட்டும்" என்றாள்.
"நீ கேட்டதை மெதுவாக இன்னொரு தரம் சொல்."